நான் வெளியே இருந்த கூட்டம்

எங்கள் ஊர் ரயில் நிலையத்தின் முன்னால், சைக்கிள்கள் நிறுத்தும் இடத்துக்கு மேலே, என் முகம் போட்ட தேர்தல் பலகை இரண்டு தடவை நின்றிருக்கிறது. இரண்டு தடவையும் நான் தோற்றேன். இடையில் இரண்டு தடவை பலகையும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. அப்போதுதான் வென்றேன். என் தேர்தல் வரலாறு இவ்வளவுதான். ஆனாலும் சொந்தக்காரர் யாராவது கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்தால், என் கணவர் என்னை இன்றைக்கும் அப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "இவ இங்க எலக்சன் கேட்டு வென்றவ." நான் திருத்துவதில்லை.

நான் கேட்டது பாராளுமன்றத்துக்கு அல்ல. பள்ளிச் சபைக்கு. லிம்மாட் ஆற்றோரத்தில், சூரிச்சிலிருந்து எஸ்-பான் ரயிலில் சீக்கிரம் வந்துவிடக்கூடிய ஊர் எங்களுடையது. இங்கே அரசாங்கப் பள்ளிக்கூடங்களை மேற்பார்வை செய்ய ஊர்க்காரர்கள் வாக்குப் போட்டு ஒரு சபையைத் தெரிவு செய்வார்கள். அதில் இருப்பவர்கள் ஆசிரியர்கள் அல்ல. நான் இருந்த காலத்தில் தலைவர் ஒரு தச்சர். மற்றவர்களில் ஒருவர் வங்கியில் வேலை செய்தார், ஒருவருக்குப் பால்பண்ணை இருந்தது. ஆசிரியர்களை வேலைக்கு எடுப்பது, வகுப்புகளைப் போய்ப் பார்ப்பது எல்லாம் சபையின் வேலை. ஒரு பிள்ளையின் விஷயத்தில் பள்ளிக்கூடம் ஒன்றைச் சொல்லி, பெற்றோர் வேண்டாம் என்றால், கடைசி முடிவு எடுப்பதும் இந்தச் சபைதான்.

அப்படி ஒரு சபை இருப்பது என் அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருக்க மாட்டார்.

நான் மன்னாரிலிருந்து அம்மாவோடு வந்து இறங்கியபோது எனக்குப் பதினொரு வயது. அப்பா எங்களுக்கு முன்னமே வந்து சூரிச்சில் ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். என்னை ஐந்தாம் வகுப்பில் இருத்தினார்கள். ஆறாம் வகுப்பு முடிகிற நேரம் இங்கே பிள்ளைகளைப் பிரிப்பார்கள். நன்றாகப் படிக்கிறவர்கள் மேற்பிரிவுக்கு, மற்றவர்கள் கீழ்ப்பிரிவுகளுக்கு. அதைப் பேசுவதற்கு ஆசிரியர் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பாவுக்கு டொச், அதாவது இங்கத்தைய ஜெர்மன் மொழி, தெரியாது. அதனால் மொழிபெயர்க்க நான் போனேன்.

சிறு பிள்ளைகள் இருக்கும் தாழ்ந்த கதிரையில் அப்பா முழங்காலை மடக்கி இருந்தார். ஆசிரியர் நல்ல மனிதர். மெதுவாகப் பேசினார்.

"உங்கள் மகள் கெட்டிக்காரி. ஆனால் மொழி போதாது. மேற்பிரிவுக்குப் போனால் கஷ்டப்படுவாள். கீழ்ப்பிரிவுதான் அவளுக்கு நல்லது என்று நினைக்கிறேன்."

நான் அப்பாவிடம் திரும்பி, "என்னைக் கீழ்ப்பிரிவுக்குப் போடப்போகினமாம்" என்றேன்.

"ஏனாம்?"

"டொச் காணாதாம்."

"நீ கணக்கில நல்ல புள்ளி எடுக்கிறனி எண்டு சொல்லு."

சொன்னேன். ஆசிரியர் தலையாட்டினார். "உண்மைதான். ஆனால் கணக்குக் கேள்வியும் டொச்சில்தானே வருகிறது."

அதையும் மொழிபெயர்த்தேன். அப்பா கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி நகக்கண் எல்லாம் வெளுத்திருந்த கைகள். பிறகு, "அவர் படிச்ச மனிசன். அவருக்குத் தெரியும்தானே. ஓம் எண்டு சொல்லு" என்றார்.

நான் ஆசிரியரைப் பார்த்து "யா" என்றேன். என்னைப் பற்றிய முடிவை நானே மொழிபெயர்த்து, அதற்குச் சம்மதமும் நானே சொன்னேன். திரும்பி வரும்போது அப்பா எனக்கு ரயில் நிலையத்தில் வெண்ணெய் தடவிய ஒரு பிரெட்செல் ரொட்டி வாங்கித் தந்தார்.

இதை ஒரு பெரிய அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கீழ்ப்பிரிவு முடித்து, பல் வைத்தியரிடம் உதவியாளர் வேலை பழகினேன். அந்த வேலை எனக்குப் பிடித்தது, இன்றும் பிடிக்கிறது. இருபது வயதுக்குப் பிறகு சுவிஸ் பிரஜை ஆனேன். கலியாணம் கட்டினேன். கணவர் ஊரிலிருந்து வந்தவர், பொதிகள் பிரிக்கும் கிடங்கில் வேலை. இரண்டு பிள்ளைகள். ஆனால் அந்தத் தாழ்ந்த கதிரையில் அப்பா இருந்த இருப்பு என் மனதில் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், வந்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுச் சொல் என்று தமிழ்ச் சனம் கேட்டால் நான் மறுப்பதில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்விட்டு வருவேன்.

அப்படித்தான் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவில் சேர்ந்தேன். கார்த்திகை மாதம் இங்கே சிறு பிள்ளைகள் முள்ளங்கி போன்ற ஒரு பெரிய கிழங்கைக் குடைந்து, உள்ளே மெழுகுதிரி வைத்து, தெருவில் ஊர்வலம் போவார்கள். அதற்காக ஒரு நாள் பெற்றோர் எல்லாரும் கூடியிருந்து கிழங்கு குடைந்துகொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த சுவிஸ் பெண் ஊர்க் கட்சி ஒன்றில் இருப்பவர். கரண்டியால் கிழங்கைச் சுரண்டிக்கொண்டே, "எங்கள் கட்சியில் பள்ளிச் சபைக்கு ஓர் ஆள் தேடுகிறோம். நீங்கள் நிற்கிறீர்களா?" என்று கேட்டார்.

"நான் கட்சியில் இல்லையே."

"அது பரவாயில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் டொச் பேசுவதில்லை. சபையில் அப்படி ஒருவரும் இல்லை."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர், "என்னட்ட வோட்டு இல்லை" என்றார். அவர் இன்னும் இலங்கைப் பாஸ்போட்தான். விண்ணப்பம் போடலாம், மொழிப் பரீட்சை என்றதும் தள்ளிப்போடுவார். மனைவி தேர்தலில் நிற்க, அவருக்கு வாக்கு இல்லை. எங்கள் ஊரில் இருந்த தமிழ்ச் சனத்தில் கனபேருக்கு அதே கதைதான்.

முதல் தேர்தலில் எனக்காக ஓடியாடித் திரிந்தவளுக்கும் வாக்கு இல்லை. அவளும் மன்னார்ப் பக்கம்தான், என்னைவிட ஐந்தாறு வயது இளையவள், முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வருகிற இடத்தில் பழகி, தங்கச்சி மாதிரி ஆகிவிட்டவள். என் படம் போட்ட சின்ன நோட்டீசை ஒரு பையில் கொண்டு வீடு வீடாய்ப் போனாள். கதவைத் திறந்தவர்களிடம், "எங்கட அக்கா நிக்கிறா. உங்களிட்ட சுவிஸ் பாஸ்போட் இருந்தா தபால்ல வந்த வாக்குச்சீட்டு உறையைக் குப்பையில போடாதேங்கோ" என்று சொல்வாளாம். அப்போது அவளுக்கு வயிற்றில் பிள்ளை. மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கமாட்டாள்.

நானும் என்னால் ஆனதைச் செய்தேன். எங்கள் பல் வைத்தியர் காத்திருக்கும் அறையில் நோட்டீஸ் வைக்க விட்டார். வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "ஓ, நீங்களா?" என்பார்கள். மேற்கொண்டு என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க முடியாது, வாய்க்குள் குழாய் இருக்கும். ஒரு கிழவர் வாய் கொப்பளித்துவிட்டு, "உங்களுக்குத்தான் போட்டேன், உங்கள் கை சின்னது, நோகாது" என்றார்.

ஏழு இடத்துக்கு எட்டுப் பேர் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு முடிவு வந்தது. ஏழு பேர் தெரிவு. எட்டாவது நான். நிறையப் பேர் போட்டியிட்டுத் தோற்றால் அதில் ஒரு மறைவு இருக்கும். எட்டில் ஒருத்தியாய்த் தோற்றால் ஊர் முழுக்கச் சேர்ந்து ஒருத்தியைப் பார்த்து நீ மட்டும் வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருக்கும். அப்படி யாரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்று கட்சிப் பெண் சொன்னார். என் பெயர் நீளம், மக்களுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான் என்றார். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. பெயரை நான் என்ன செய்ய?

இரண்டு வருடம் போயிருக்கும். சபையில் ஒருவர் வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். வெற்றிடத்துக்கு ஆள் தேவை. குறித்த நாளுக்குள் ஒரே ஒருவர்தான் நிற்கிறார் என்றால் இங்கே வாக்கெடுப்பு வைப்பதில்லை, அவரே தெரிவானவர் என்று அறிவித்துவிடுவார்கள். அதற்கு மௌனத் தேர்தல் என்று பெயர். கட்சிப் பெண் என் பெயரைக் கொடுத்தார். வேறு யாரும் வரவில்லை. அதிகம் சம்பளமில்லாத, பின்னேரங்களைத் தின்கிற வேலை, யார் வருவார்? நான் பள்ளிச் சபை உறுப்பினர் ஆனேன். எனக்கு ஒருவரும் வாக்குப் போடவில்லை.

தமிழ்ச் சனம் அதையெல்லாம் பார்க்கவில்லை. பூசை முடிந்து சுவாமியார் ஒலிவாங்கியில் சொன்னார், எல்லாரும் கைதட்டினார்கள். கேக் வெட்டினோம். அடுத்த கிழமையே தொலைபேசி தொடங்கிவிட்டது. மகனை வேறு வகுப்புக்கு மாற்றவேண்டும், மகளின் ரீச்சர் சரியில்லை, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஜிம்னாசியப் பள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்துவிட்டது. "நீங்கள் ஒரு சொல் சொன்னாக் காணும் அக்கா." அது என் கையில் இல்லை என்று சொன்னால், சொல்ல மனமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். சபையில் ஏழு பேர், எனக்கு ஒரு கை, கேட்டதும் பார்த்ததும் வெளியில் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். இதை எத்தனை விதமாய் விளங்கப்படுத்தியும் சரிவரவில்லை.

அவள் மட்டும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு நோட்டீஸ் கொடுத்தவள். அந்தப் பிள்ளை பெண்ணாய்ப் பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு என்னை ஞானத்தாயாய் நிற்கக் கேட்டாள். நான்தான் தூக்கிக்கொண்டு நின்றேன். இடையில் பொதுத் தேர்தல் ஒன்று வந்தது. ஏழு இடத்துக்கு ஏழு பேர்தான் நின்றோம், அதுவும் மௌனமாய் முடிந்தது. பிள்ளை பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கியபோதும் நான் சபையில்தான் இருந்தேன்.

பிள்ளை வீட்டில் ஓயாமல் கதைக்கும். பொம்மைகளை வரிசையாய் இருத்தி, "ஏன் சோறு சாப்பிடேல்லை, ஆர் உனக்குச் செல்லம் தந்தது?" என்று தாயின் குரலிலேயே பேசும். நான் போனால் மடியில் ஏறி, அன்ரி அன்ரி என்று காதுக்குள் ரகசியம் சொல்லும். பள்ளிக்கூடத்தில் ஒரு சொல் பேசாது. பாலர் வகுப்பு இரண்டு வருடமும் பேசவில்லை. முதலாம் வகுப்பிலும் பேசவில்லை. சிறுநீர் வந்தாலும் கேட்காது, நனைத்துக்கொண்டு இருக்கும். ஆசிரியை பொறுமையாய்ப் பார்த்தார். உளவியலாளர் வந்தார், பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், பக்கத்து ஊரில் இப்படியான பிள்ளைகளுக்கென்று ஒரு விசேட பள்ளிக்கூடம் இருக்கிறது, வகுப்பில் சில பிள்ளைகள்தான், அங்கே அனுப்புவோம் என்றார்கள்.

பெற்றோர் மறுத்துவிட்டார்கள். "என்ர பிள்ளைக்கு மூளை சுகமில்லையோ?" என்று தகப்பன் கேட்டாராம். ஒப்பமிடமாட்டேன் என்று எழும்பி வந்துவிட்டார். விஷயம் சபைக்கு வந்தது.

அன்றைக்குத்தான் அவள் முதல்முறை ஒன்று கேட்டு என் வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கைபேசியை நீட்டினாள். பிள்ளை சமையலறை மேசையில் இருந்து பாடிக்கொண்டிருந்த ஒரு வீடியோ.

"அக்கா, இதை அங்க காட்டுங்கோ. நீங்களே கேட்டிருக்கிறியள்தானே அவள் கதைக்கிறதை. அதைச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

"நான் சபைத் தலைவரோட கதைக்கிறன்" என்றேன். எனக்கு அப்போதே உள்ளுக்குள் பயம்.

அடுத்த நாள் தலைவரின் தச்சுப் பட்டறைக்குப் போனேன். மரத்தூள் வாசம். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதுக் கவசத்தைக் கழற்றினார். அந்தப் பிள்ளையின் குடும்பத்தை எனக்குத் தெரியும் என்றேன்.

"எவ்வளவு தெரியும்?"

"நான் அவளுடைய ஞானத்தாய்."

அவர் பெருமூச்சு விட்டார். இந்த நாட்டில் ஞானத்தாய் என்றால் அதற்கு ஒரு கனம் உண்டு. "அப்படியானால் நீங்கள் அந்த விஷயத்தில் இருக்க முடியாது. வெளியே இருக்க வேண்டும். சட்டம் அப்படி."

"வாக்களிக்க மாட்டேன். ஆனால் அவள் பேசுவதைக் கேட்டவள் உங்கள் சபையில் நான் ஒருத்திதான். அதை மட்டும் சொல்லலாமா?"

"பெற்றோர் சொல்லலாம். நீங்கள் சொல்ல முடியாது. என்னிடம் இப்போது சொல்வதே சரியில்லை." காதுக் கவசத்தைக் கையில் எடுத்து, "மன்னியுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இதையே எனக்கும் சொல்லியிருப்பார்கள்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராய் இருந்திருந்தால் எனக்கு இலகுவாய் இருந்திருக்கும்.

இதை அவளிடம் சொல்லத் தொலைபேசி எடுத்தேன். கூட்டத்தில் நான் வாக்களிக்கேலாது, கதைக்கேலாது, வீடியோவை நீங்களே கொண்டு வாங்கோ என்று சொன்னேன். அவள் ஓம் ஓம் என்றாள். நான் அறையிலேயே இருக்க மாட்டேன் என்று அவள் விளங்கிக்கொள்ளவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கூட்டம் ஒரு புதன்கிழமை பின்னேரம். மற்ற விஷயங்கள் முடிந்ததும் தலைவர் என்னைப் பார்த்தார். நான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பி வெளியே வந்தேன். கதவை யாரோ மெதுவாகச் சாத்தினார்கள். தாழ்வாரத்தில் இருக்க ஒரு நீள மர வாங்கு, கோட் மாட்டும் கொளுக்கிகள், சுவர் நீளத்துக்குப் பிள்ளைகள் வரைந்த நத்தைகள். நான் வாங்கில் இருந்தேன்.

முதலில் வந்தது மொழிபெயர்ப்பாளர். வேறு ஊரிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள், தமிழ்நாட்டுக்காரர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, "நீங்க பொண்ணோட அம்மாவா?" என்றார்.

"இல்லை. ஞானத்தாய்."

"அப்போ நீங்களும் உள்ள வர்றீங்களா?"

"வரேலாது" என்றேன்.

வர முடியாது என்பதை நாங்கள் அப்படிச் சொல்வது அவருக்கு விளங்கவில்லை போல. தலையாட்டிவிட்டுக் கதவைத் தட்டி உள்ளே போய்விட்டார்.

பிறகு பிள்ளையின் தாயும் தகப்பனும் படியேறி வந்தார்கள். தகப்பன் பூசைக்குப் போடும் கோட் போட்டிருந்தார். அவள் வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள், தலைமயிரில் வலை போட்டிருந்த தடம் நெற்றியில் இருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தங்களை அழைத்துப்போக வெளியே வந்து நிற்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"வாங்கோ அக்கா, போவம்" என்றாள்.

நான் இல்லை என்று தலையை அசைத்தேன். கதவு திறந்தது. தலைவர் அவர்களுக்குக் கை கொடுத்து உள்ளே அழைத்தார். அவள் கடைசியாய்த் திரும்பி என்னைப் பார்த்தாள். கதவு மூடிக்கொண்டது.

உள்ளே பேசுவது கேட்காது. குரல்களின் ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கும். தலைவரின் குரல், மொழிபெயர்ப்பாளரின் குரல், தகப்பனின் குரல். அவளுடைய குரல் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. பதினொரு வயதிலிருந்து இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் எல்லாருக்கும் மொழிபெயர்த்தவள் நான். எழும்பிப் போய்க் கதவைத் தட்டினால் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். ஒன்றும் செய்ய மாட்டார்கள். மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்கள். முடிவே செல்லாது என்றும் ஆகலாம், அது பிள்ளைக்கு இன்னும் கெடுதல். நான் எழும்பவில்லை.

அவர்கள் வெளியே வந்தபோது தகப்பன் என்னைப் பார்க்காமல் படியிறங்கினார். அவள் நின்றாள்.

"இவ்வளவு நேரமும் இங்கயோ இருந்தனீங்கள்?"

"ஓம்."

"நாங்கள் வாறதுக்கு முன்னம், அவையளோட ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"எனக்குக் கதைக்க அனுமதியில்லை. நான் உன்னட்டச் சொன்னனான்."

அவள் கோபப்படவில்லை. களைத்துப்போய், உண்மையாகவே விளங்காமல் கேட்டாள்: "அப்ப எங்கட ஆள் எண்டு உங்களை ஏனக்கா உள்ளுக்கு அனுப்பினது?"

மொழிபெயர்ப்பாளர் எங்களைக் கடந்து போகும்போது, "நல்லபடியா முடியும்மா" என்றார். அவள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் திரும்பவும் வாங்கில் இருந்தேன். அவர்கள் போன பிறகுதான் உள்ளே முடிவு எடுப்பார்கள். அதற்கும் நான் வெளியேதான்.

என்னைத் திரும்பக் கூப்பிட்டபோது அறையில் யாரோ யன்னலைத் திறந்து விட்டிருந்தார்கள். அடுத்த விஷயம் விளையாட்டு மைதானத்து ஊஞ்சலைத் திருத்துவது. எல்லாரும் என்னிடம் அளவுக்கு மீறி அன்பாய் இருந்தார்கள். பால்பண்ணைக்காரர் எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார். அதிலிருந்தே முடிவு எனக்கு விளங்கிவிட்டது.

உள்ளே என்ன நடந்தது என்று பிறகு தகப்பன் என் கணவருக்குச் சொன்னார். வீடியோவைக் காட்டினாராம். எல்லாரும் கவனமாகப் பார்த்தார்களாம். சபையில் இருந்த ஓர் அம்மா, பிள்ளை அழகாய்ப் பாடுகிறாள் என்றாராம். பிள்ளை வீட்டில் பேசுவதை நாங்கள் நம்புகிறோம், பள்ளிக்கூடத்தில் பேச முடியாமல் தவிக்கிறாள் என்பதுதான் எங்கள் கவலை என்றார்களாம். அப்படியென்றால் நான் உள்ளே இருந்து சொல்ல இருந்ததும் இதற்கு மேலே ஒன்றுமில்லை. இதை நினைத்து ஆறுதல்படவும் முயன்று பார்த்தேன்.

மேல்முறையீடு செய்யலாம். அதற்கு முப்பது நாள் இருந்தது. நான் இருக்கும் சபைக்கு எதிராய் நானே யோசனை சொல்லக்கூடாது. என் கணவர், "நான் சபையில இல்லைத்தானே, நான் போய்ச் சொல்லுறன்" என்று போனார். தகப்பன் தேத்தண்ணி கொடுத்து இருத்திவைத்துச் சொன்னாராம்: "அண்ணை, நாங்கள் இன்னும் வருசாவருசம் புதுப்பிக்கிற பி விசாவில இருக்கிறம். அரசாங்கத்தோட வழக்குக்குப் போனா நாளைக்கு நிரந்தரமா இருக்க சி விசா கேக்கேக்குள்ள பாப்பினம். விடுங்கோ." அப்படியெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்று கணவர் சொன்னாராம். நிச்சயமாத் தெரியுமோ என்று தகப்பன் கேட்டாராம். இவருக்கு நிச்சயமாகத் தெரியாது. திரும்பி வந்து சோபாவில் இருந்து நீண்ட நேரம் தொலைக்காட்சியைப் பார்த்தார். அது போடப்பட்டிருக்கவில்லை.

கோடை விடுமுறை முடிந்ததும் விசேட பள்ளிக்கூடத்தின் சின்ன வெள்ளை வான் ஒன்று காலையில் வந்து பிள்ளையை ஏற்றிப் போகத் தொடங்கியது. நான் வேலைக்குப் போகும் பஸ் அந்தத் தெருவால்தான் போகும். சில நாட்களில் காண்பேன். பிள்ளை முதுகுப் பையோடு வானுக்கு முன்னால் நிற்கும். தாய் கதவை இழுத்துச் சாத்துவாள்.

என்னோடு அவள் சண்டை பிடிக்கவில்லை. கூப்பிடுவதை விட்டுவிட்டாள். நான் கூப்பிட்டால், "வேலையா நிக்கிறன் அக்கா, பிறகு எடுக்கிறன்" என்பாள்.

அதற்கு அடுத்த தேர்தலில் சபையைக் குறைத்தார்கள். ஏழு இடம் ஐந்தானது. செலவு குறையும், வேலை சீராகும் என்றார்கள். நானும் சேர்ந்துதான் அதற்குக் கை தூக்கினேன், காரணம் நியாயமாய்த்தான் இருந்தது. ஐந்து இடத்துக்கு ஏழு பேரும் திரும்ப நின்றோம். என் பலகை ரயில் நிலையத்தின் முன்னால் மறுபடி ஏறியது. இம்முறை தமிழ் வீடுகளுக்கு நோட்டீஸ் கொண்டுபோக ஆள் இல்லை. என் மகள் கொஞ்சம் கொடுத்தாள். ஒரு வீட்டில், "தன்ர ஞானப்பிள்ளைக்கே ஒண்டும் செய்யாதவ" என்று சொன்னார்களாம். அவள் அழுதுகொண்டு வந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கும் நான் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கணவர் கைபேசியில் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தார். நான் உடுப்பு மடித்தேன். முடிவு வந்ததும் அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அந்தத் தடவை நானும் பால்பண்ணைக்காரரும் வெளியே. தச்சர் கூப்பிட்டு, "உங்களை இழப்பது எங்களுக்கு நட்டம்" என்றார். மனதாரத்தான் சொன்னார். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். கை சின்னது என்ற கிழவர் அன்றைக்கு வந்திருக்கவில்லை, அவர் செத்து ஒரு வருடமாகியிருந்தது.

போன வருடம் பிள்ளைக்கு முதல் நன்மை, பூசையில் முதன்முதலாய் நற்கருணை வாங்கும் நாள். ஞானத்தாய் கூட நிற்பது வழக்கம். தகப்பன்தான் கூப்பிட்டுச் சொன்னார். நான் சேலை உடுத்துக்கொண்டு போனேன். பிள்ளை வளர்ந்திருந்தாள். வெள்ளை அங்கி போட்டு, கையில் மெழுகுதிரியோடு மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றாள். நான் பின்னால் நின்று வலது தோளில் கை வைத்தேன், அப்படித்தான் செய்யச் சொன்னார்கள். எலும்பு தெரிகிற சின்னத் தோள். அவள் அசையவில்லை.

பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. பிள்ளைக்கு எதிரே போய் இருந்தேன்.

"பள்ளிக்கூடம் எப்பிடிப் போகுது?"

அவள் என்னைப் பார்த்தாள். வெறுப்பு ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள், பேசவில்லை. ஒரு காலத்தில் என் காதுக்குள் எச்சில் தெறிக்க ரகசியம் சொன்ன பிள்ளை.

தாய் பின்னால் வந்து பதில் சொன்னாள். "நல்லாப் போறாள் அக்கா. அங்க இப்ப கதைக்கிறாளாம். ஒரு சிநேகிதியும் இருக்காம். ரீச்சர் சொன்னவ."

"நீ கேட்டனியோ?"

"எங்க கேக்கிறது? நான் போனா நிப்பாட்டிப்போடுவாள். வீட்டிலயும் முந்தி மாதிரி இல்லை. கேட்டதுக்கு மட்டும் பதில்."

அப்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது. சபை எடுத்த முடிவு சரிதானோ? நான் உள்ளே இருந்திருந்தால் எதிராகத்தான் கை தூக்கியிருப்பேன். அது பிழையாய்ப் போயிருக்குமோ? இல்லை, அந்த வான் வராமல் இருந்திருந்தால் இந்தப் பிள்ளை இன்னும் என் மடியில் ஏறியிருக்குமோ? யாரிடம் கேட்பது? தாயிடம் கேட்க முடியாது. எனக்கே தெரியவில்லை.

அவள் என் தட்டில் ரோல்ஸ் இரண்டு வைத்தாள். "சாப்பிடுங்கோ அக்கா, ஆறப்போகுது" என்றாள். பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். முதியோர் இல்லத்தில் புதிதாய் வந்த மேலாளர் பற்றிச் சொன்னாள். நான் என் முழங்கால் வலி பற்றிச் சொன்னேன். பிள்ளை மெழுகுதிரியில் ஒட்டியிருந்த வெள்ளை றிபனை விரலில் சுற்றுவதும் கழற்றுவதுமாய் இருந்தாள். மண்டபத்தில் பாட்டுச் சத்தம் கூடியபோது எழும்பி, மற்றப் பிள்ளைகள் நின்ற பக்கம் போனாள்.